ஐஸ்பெட்டி: மேல்தோற்றம்

இருபத்துநாலு பேருக்குப் பதினொரு கம்ப்யூட்டர்.
அதில் இரண்டுக்கு மவுஸ் இல்லை.
நானும் கீழக்கரை ரிபாயாவும் ஒன்றில்.
அவள் கோடு இழுக்க, நான் அளவு சொல்ல,
பாதியில் இடம் மாறிக்கொள்வோம்.
யுபிஎஸ் கீச்சிடும்போது மட்டும்
இரண்டு பேர் கையும் சேவுக்கு ஓடும்.

முதல் ஆறு மாதம் பலகைதான்.
டி-ஸ்கொயர், டூ எச் பென்சில்.
பாம்பன் பாலத்தில் ஜன்னல்காற்று
தாள்சுருளைப் பிடுங்கப் பார்க்கும்;
முழங்கால் நடுவே இடுக்கிக்கொண்டு வருவேன்.
உள்ளங்கை வியர்வையில் கோடு மங்கும்.
திரையில் மங்குவதில்லை.
நானா போட்டேன் என்று கேட்கும்படி
அவ்வளவு நேர்.

'அவரவர் குடியிருக்கும் வீடு. ஒன்றுக்கு ஐம்பது. வெள்ளிக்குள்'
என்று போர்டில் எழுதிவிட்டு
சார் டீக்குப் போய்விட்டார்.

தங்கச்சிமடத்தில் டேப்பின் மறுநுனியைத்
தம்பி ஜெபஸ்டின் பிடித்தான்.
அடுப்படிச் சுவர்
இந்தப் பக்கம் எட்டடி நாலங்குலம்,
எதிர்ப்பக்கம் எட்டடி ஒன்று.
திரும்ப அளந்தோம். டேப்பைத் திட்டினோம்.
மீன் அரிந்த கையோடு அம்மா சொன்னாள்:
"கொத்தனாருக்குப் பாதிக் கூலிதான குடுத்தோம்.
மூலைமட்டத்தப் பாதியில எடுத்துட்டான்."

எஃப் எட்டை அழுத்தினால்
உலகமே செங்கோணம்.
எங்கள் அடுப்படி மட்டும் மூடவில்லை.
"மூணு அங்குலந்தானே, இழுத்து விடு,
சாருக்குத் தெரியவா போகுது"
என்றாள் ரிபாயா.
மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட
அந்த மூன்று அங்குலம்
ஆள் நுழையும் வாசலாகியது.
எஃப் எட்டை அணைத்தேன்.
சாய்வாகவே போட்டேன்,
எண்பத்தேழு பாகை சொச்சம்.

வடக்கு எது என்று
மற்றவர்கள் போனைத் தூக்கிச் சுற்றினார்கள்.
எங்கள் தீவில் அது வேண்டாம்.
ஆண்கடல் தெற்கே, பெண்கடல் வடக்கே.
அம்புக்குறி நுனியில்
'பெண்' என்று அடித்துப் பார்த்து, அழித்தேன்.

பிறகு சாமான்கள்.
பிளாக் கோப்பில் சோபா இருந்தது,
இரட்டைக் கட்டில், நாலு கதவுக் கார்,
தொட்டியில் செடி. பியானோகூட இருந்தது.
ஐஸ்பெட்டி இல்லை.

எங்கள் வீட்டு நடுவில் இருப்பதே அதுதான்.
நாலடிக்கு இரண்டரை.
வந்தவர்களுக்கு பெஞ்சு,
தம்பிக்கு வீட்டுப்பாட மேசை.
கடலுக்குப் போகிற நாளில்
அப்பா தூக்கிப் போய்விட்டால்
தரையில் ஈரச் செவ்வகம் மட்டும்.
அதை முழுக்கோட்டில் வரைவதா, புள்ளிக்கோட்டிலா?
யாரையும் கேட்கவில்லை.
வெளிச் செவ்வகம், உள்ளே ஒன்று,
நடுவே தெர்மோகோலுக்கு இரண்டங்குலம்,
கீல் இரண்டு,
ஒரு மூலையில் வடிதுளை, அரை அங்குல வட்டம்.
பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.
ஐஸ்பெட்டி_பிரிசில்லா.

சிவப்பு மையில் சார் அதைச் சுழித்து
'இது என்ன?' என்றார். பத்துக்கு ஏழு.

அதற்குள் பென்டிரைவில் போயிருந்தது.
முள்ளிமுனைக் கார்மேகம் தன் வீட்டில்
இரண்டு வைத்தான்; ஒன்று சித்தப்பாவுடையதாம்.
ரிபாயா வீட்டில் மீனே வாங்குவதுதான்.
அவள் அதைப் பெரிதாக்கி
மாடியில் தண்ணீர்த்தொட்டி என்றாள்.
வடிதுளையில்
ஒரு பூனை நுழையலாம்.

இப்போது கேணிக்கரையில்
ஒரு பொறியாளர் ஆபீஸில் அப்ரண்டிஸ்.
நேற்று உச்சிப்புளி பங்களா ஒன்றின் கோப்பு,
யார் யாரோ திறந்து மூடியது.
பின்கட்டு மூலையில்
'வாஷிங் மெஷின்' என்று எழுதிய செவ்வகம்.
உள்ளே இன்னொரு செவ்வகம்.
கீல் இரண்டு.

வடிதுளை எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தேன்.
வீட்டுக்கு உள்ளே பார்த்திருந்தது.
ரொட்டேட். தொண்ணூறு. என்டர்.
முழுக் கூலி கொடுக்கப்போகிறவர்களின் சுவர்.
இம்மி பிசகாமல் ஒட்டி நின்றது.