புளியரை, இடது முழங்கால்

கோழிக்காய்ச்சல் வரும் வருஷங்களில் என் வேலை
ஆரியங்காவிலிருந்து இறங்கும் வண்டிகளின் டயருக்கு
மருந்தடிப்பது.
எங்கிருந்து, என்பேன்.
கொல்லம். புனலூர்.
காலி வண்டிண்ணே, காலி.
தார்ப்பாயில் ஓர் இறகு ஒட்டியிருந்தால்
காலி இல்லை.
திருப்பி அனுப்பிவிடுவேன்.

பங்குனியில் இடது முழங்கால் வீங்கியது.
தென்காசியில் ஊசி வைத்து உறிஞ்சினார்கள்.
நீர் வருமென்று பார்த்தேன்.
வந்தது
மூன்று நாள் மறந்துபோன கட்டன்சாயா.

பழைய ரத்தம், என்றார் டாக்டர் ஜிஷா.
மூட்டுக்குள் ஒரு சவ்வாம்,
முட்டையோட்டின் உள்தோல் மாதிரி.
அதுதான் படித்துறைப் பாசிபோல்
திரிதிரியாகத் தடித்து, கசிந்து, துருவேறி.
ரொம்பவும் அபூர்வம், என்றார், பாராட்டுவதுபோல.
புற்று இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.
இரண்டாவது தடவைதான் பயந்தேன்.

எங்கிருந்து, டாக்டர்?

எஸ் வளைவில் பைக் சரிந்ததே, அதுதான்
என்றான் மச்சான் சைதலி.
அது வலது கால்.
ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்றால், என்றாள் மைமூன்.
பென்ஷனுக்கு மூணு வருஷம் இருக்கையில்
எல்லோருக்கும் வரும் பீர், என்றது ஆபீஸ்.

டாக்டர் யோசித்துத்தான் சொன்னார்.
அடிபட்டும் வரலாம். படாமலும் வரும்.
ஓர் அணுவுக்குள் ஒரு துண்டு
இடம் மாறி ஒட்டிக்கொள்கிறது.
அந்த அணு கூப்பிடத் தொடங்குகிறது.
கேட்டவையெல்லாம் வந்து குவிகின்றன.
வீக்கத்தில் பாதிக்கு மேல்
சும்மா வந்து நின்ற கூட்டம்.
கூப்பிட்டது கொஞ்சமே.

அந்தத் துண்டு ஏன் இடம் மாறியது?

பேனாவை மூடினார்.
அறியில்ல, என்றார்,
அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்.

சுரண்டி எடுத்தார்கள். திரும்பவும் வரலாமாம்.
ஆவணியில் வேலைக்கு வந்தேன்,
ஸ்டூல் போட்டுக்கொள்ள அனுமதியோடு.

நேற்று விடியக்காலை ஒரு மினி லாரி.
எங்கிருந்து?
தெரியாதுண்ணே. தென்மலையில
டிரைவர் மாத்தி என்னை ஏத்திவிட்டாங்க.
பொய்யாக இருக்கும்.
ஏறிப் பார்க்க முழங்கால் விடவில்லை.
டார்ச் அடித்தேன்: வெறும் கூண்டுகள், கழுவியவை,
தண்ணீர் இன்னும் சொட்டுகிறது.

நோட்டில் 'புறப்பட்ட இடம்' என்ற கட்டத்துக்கு நேரே
பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அவன் ஹாரன் அடித்தான்.

நான்கு டயருக்கும் அடித்தேன்.
இடது பின்சக்கரத்துக்கு
ஒரு கை கூடுதலாக.