பதினொரு நிமிடம்

போன மாதம் நான் பேசியது
பதினொரு நிமிடம்.
மின்சார சபைக்கு நான்கு,
அதில் மூன்று அவர்கள் போட்ட வாத்தியம் கேட்டது.
அக்காவுக்கு இரண்டு: பிரஷர் குளிசை வாங்கியாச்சு.
ஒன்றரை, நம்பர் பிழைத்து
கந்தளாயிலிருந்து வந்த ஒருவரோடு.
நெல்லு விலை கேட்டார்.
தெரியாது என்று உடனே வைக்க மனம் வரவில்லை.
மிச்சமெல்லாம்
ஹலோ, கேக்குதா, ஹலோ.

கொட்பேயில் ஐஸ் கொம்பனி, இரவு வேலை.
கொம்பிரசர் ஓடும்போது
கடவுளே கோல் எடுத்தாலும் கேட்காது.
எனக்கு எதற்கு நாளுக்கு இரண்டு ஜீபீ?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹிஷாமின் கடை.
சுவரில் நான்கு நிறம்,
நான்கிலும் போனைக் காதில் வைத்துச் சிரிக்கிறவர்கள்.
என்னைப்போல ஒரு முகமும் இல்லை.
"இப்ப என்ன போடுறீங்க அண்ணன்?"
"சிவப்பு. மாதம் எழுநூறு. மருமகன் போட்டுத் தந்தது."
பிஸ்கட் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து
பதினொன்றால் பிரித்தான்.
ஒரு நிமிடம்
அறுபத்து மூன்று ரூபாய் அறுபது சதம்.

அப்படியென்றால் அந்த வாத்தியத்துக்கு மட்டும்
நூற்றுத் தொண்ணூறு கட்டியிருக்கிறேன்.
கலியாண வீட்டு நாதஸ்வரத்தைக்கூட
சும்மாதான் கேட்டவன் நான்.

"மிஞ்சின காசு?"
"முப்பதாம் நாள் ராவு பன்னிரண்டுக்குச் செத்துரும்."
ஐஸுக்குக்கூட
மரத்தூள் போட்டுச் சாக்கால் மூடினால்
இன்னொரு நாள் தாங்கும்.

"மஞ்சளை எடுங்க அண்ணன்.
நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட வெட்டுவான்.
ஆனா போட்ட காசு ஒரு வருசம் கிடக்கும்.
ஊடு எங்க?"
"பாலையூற்று."
"அங்க மஞ்சள் நல்லா இழுக்கும்.
நம்பர் மட்டும் மாறும்."

நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த
போன் உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"நம்பர் மாறினா ஆருக்கு நட்டம்?" என்றான்.

செபநேசனுக்கு.
எஞ்சினுக்கென்று நாற்பத்தையாயிரம் வாங்கிக்கொண்டு
கொக்கிளாய்ப் பக்கம் போனவன்.
"வாற கிழமை கோல் எடுக்கிறன் மச்சான்"
என்று என் நம்பரைப் பேனையால்
உள்ளங்கையில் எழுதினான்.
கடலுக்குப் போகிற கை.
மூன்று வருடம்.
அவன் நம்பருக்கு எடுத்தால்
ஒரு பெண்குரல் மூன்று பாஷையிலும்
மரியாதையாக
இல்லை என்கிறது.

ஹிஷாம் பேனையை மூடினான்.
"அந்தக் காசு வராது அண்ணன்."
தெரியும்.
எனக்குக் காசு வேண்டாமென்று பொய் சொல்லமாட்டேன்,
கூரைத் தகடு இரண்டு மாற்ற வேணும்.
ஆனால் அவனுடைய வெட்கம் தேய்ந்து
என்றைக்கோ ஒரு நாள்
நாலைந்து இலக்கத்தை ஞாபகப்படுத்தி, மிச்சத்தைக் குத்துமதிப்பாய் அமத்தி,
என்னைப் பிடிக்கும்போது
அந்தப் பெண் வந்து
என்னையும் இல்லையென்று சொல்லக்கூடாது.

அவன் என் போனின் முதுகைக் கழற்றினான்.
"இதுல ரெண்டு சிம் போடலாமே!
எட்டு வருசமா ஒரு அறை சும்மா கிடக்கு.
பேசுறதுக்கு மஞ்சள்.
சிவப்புக்கு மூணு மாசத்துக்கொருக்கா அம்பது ரூவா.
உயிரோட கிடக்கும்.
அதுல நீங்க எடுக்காதீங்க,
வந்தா மட்டும் பேசுங்க."

மட்டையில் புதுக் கணக்கு எழுதித் தந்தான்.
வெளியே வந்து
வெளிச்சத்தில் இன்னொருமுறை கூட்டிப் பார்க்க விரித்தேன்.
வாழைப்பழத் தோலுக்கு நின்ற மான் ஒன்று
கிட்ட வந்து, அவசரமில்லாமல்,
சிவப்பு, மஞ்சள், அம்பது ரூவா, பெருக்கல் குறி எல்லாவற்றையும்
கையிலிருந்து இழுத்து மென்றது.

"அண்ணன், கணக்கு!"
உள்ளேயிருந்து ஹிஷாம் கத்தினான்.

பரவாயில்லை, மனப்பாடம் என்றேன்.
அதற்குள் ஹபரணை பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
அவனுக்குக் கேட்டதோ தெரியாது.