முடிவு மட்டும் தெரிந்தவள்

எனக்கு முடிவுகள்தான் தெரியும்.
படம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில்
துடைப்பமும் கறுப்புப் பையுமாக
நான்காம் அரங்கின் பின்கதவில் நிற்பேன்.
பேய்ப் படமென்றால் பேய் அடங்கியிருக்கும்.
காதல் படமென்றால் மழை விட்டிருக்கும்.
யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்பது
லுவோயாங் நகரில் என்னைத் தவிர
எல்லாருக்கும் தெரியும்.

இந்த வசந்த விழாவுக்கு வந்தது குழந்தைகள் படம்.
அடுப்படிச் சாமி கதை.
ஆண்டு முழுக்க அடுப்புக்கு மேலே காகிதமாக ஒட்டியிருந்து
வீட்டுப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு
கடைசி மாதம் இருபத்துமூன்றாம் நாள்
வானத்து அரசரிடம் கோள் சொல்லப் போவாரே, அவர்தான்.
வாயில் பசைமிட்டாய் தடவித்தான் அனுப்புவோம்:
சொன்னால் இனிப்பாகச் சொல்லட்டும்,
இல்லையென்றால் வாயே திறக்காமல் போகட்டும்.

நாற்பத்தொரு முறை பார்த்துவிட்டேன்.
பனி விழுகிறது. சாமி கூரைவழி இறங்குகிறார்.
இடது காதில் மட்டும் கரி.
தரையில் காடிப் புட்டி உடைந்து கிடக்கிறது.
மேசையில் ஐந்து பேர், ஆறு ஜோடிக் குச்சிகள்.
சிறுமி அழுதுகொண்டே கொழுக்கட்டையை மடிக்கிறாள்,
ஓரம் சரியாக ஒட்டவில்லை.
ஆவி எழுந்து திரையை மூடுகிறது.
விளக்கு.
அப்பாக்கள் அதற்கு முன்பே கோட்டு மாட்டத் தொடங்கியிருப்பார்கள்.

ஆறாவது ஜோடி யாருக்கு என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை.
என் வீட்டுக்காரர் நிங்போ துறைமுகத்தில்
கிரேன் உச்சியில் இருக்கிறார்.
விழா நாளில் மூன்று மடங்கு கூலி.
அவர் குச்சிகளை நானும் எடுத்து வைத்தேன்,
கழுவியும் வைத்தேன்.

காடிப் புட்டி பிடிபட்டது: பூனை.
பூனை படத்தில் இல்லை, நான் போட்டுக்கொண்டேன்.
காதுக் கரிதான் பிடிபடவில்லை.
இரவுதோறும் தொலைபேசியில்
ஜின்ஷெங்குக்கு ஒரு தொடக்கம் சொல்வேன்.
சாமி குடித்துவிட்டுப் புகைபோக்கியில் மாட்டினார் என்றேன்.
வானத்து அரசர் காதைத் திருகினார் என்றேன்.
"அரசர் கையில் கரி ஏது?" என்றார் அவர்.
விவரமான ஆள்.

நான்காம் நாள் மாலைக் காட்சி.
ஏழாம் வரிசையில் சூரியகாந்தி விதைத் தோல்
கைப்பிடி கைப்பிடியாக.
ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டு
ஒரு பையன் ஓடிவந்தான். ஆறு வயதிருக்கும்.
வாசலில் அவன் அப்பா "சியாவ்மான், சீக்கிரம்!" என்றார்.
இருக்கைக்கு அடியில் நான் குனிந்தேன், அவனும் குனிந்தான்.
அங்கே வைத்துக் கேட்டேன்:
சாமி காதில் ஏன் கரி?

யோசித்தான்.
"எனக்குத் தெரியாது. நான் தூங்கிட்டேன்.
கடைசியிலதான் எழுப்பினாங்க."

உலகத்தில் எனக்கொரு கூட்டாளி.

கையுறை கிடைத்தது, பாதி மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு.
போனவன் கதவருகே நின்று திரும்பினான்:
"புகைபோக்கியில காதை வச்சிருப்பாரு.
அவர் இல்லாதப்ப வீட்ல என்ன பேசிக்கிறாங்கன்னு
கேக்க வேணாமா?"

அன்றிரவு அதைத்தான் சொன்னேன்.
என்னுடையது என்றே சொன்னேன், கூச்சமில்லாமல்.
அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
எங்கோ ஒரு கப்பல் ஊதியது.
இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"என் காதையும் பார்," என்றார் கடைசியில்,
"வந்ததும்."

நாளை முதல் வேறு படம் என்று மேலாளர் சொல்கிறார்.
வேண்டுமானால் இன்று கடைசிக் காட்சியை
முதலிலிருந்து உட்கார்ந்து பார்க்கலாமாம்,
சீட்டு வேண்டாமாம்.

ஆறாம் அரங்கில் யாரோ சோடாவைக் கொட்டிவிட்டார்கள்,
துடைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.
யாரும் கொட்டவில்லை.
ஆனாலும் துடைத்தேன்.