இரவல் ஏணி

மூன்று யூரோ என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.
அறுபத்தைந்துக்கு மேல் பாதி.
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
உள்ளே என் பொருள் ஒன்று இருக்கிறதாம்,
அதைப் பார்க்கவும் காசா?
சிரித்தாள்.
பாதியை வாங்கிக்கொண்டாள்.

இதே கூடத்தில் பதினோரு வருடம்
மத்தி மீன் அடுக்கியிருக்கிறேன், டப்பா டப்பாவாக,
தலையும் வாலும் மாற்றி மாற்றி.
இப்போது சுவரெல்லாம் வெள்ளை.
வெளியே மழை. அதனால் பழைய உப்புவாடை மட்டும்
வேலை போனது தெரியாதவள்போல
மூலையில் நின்றுகொண்டிருந்தது.

அறைக்கு அறை அன்செல்மோ வலடாவோ.
உரித்த ஆரஞ்சுக்குள் நான்கு போலீஸ்காரர்கள்
சுளை சுளையாய்த் தூங்குகிறார்கள்.
கன்னியாஸ்திரியின் அங்கிக்குள் ஒரு ரயில் நிலையம்.
ஃபாரோ வண்டி அங்கேயும் தாமதம்தான்.

முப்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவன்.
வாடகை பாக்கி, தக்காளிக் கடன்,
ராத்திரி இரண்டு மணிக்கு கிராமபோன்.
பைத்தியம் என்று தெருவில் யாரும் சொன்னதில்லை.
சோம்பேறி என்றோம்.

மூன்றாவது அறை.
சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால்,
மேலிருந்து விளக்கு போட்டு,
எங்கள் ஏணி.

கூரை ஒழுகுகிறது, ஒரு மணி நேரம் போதும் என்று
எழுபத்திரண்டு மார்ச்சில் வந்து கேட்டான்.
ஒரு படி உடைந்திருக்கிறது என்றேன்.
தெரியும் என்றான்.

பக்கத்தில் அட்டையில் எழுதியிருந்தார்கள்:
இல்லாத ஏழாவது படி
கனவுக்கும் விழிப்புக்கும் நடுவிலுள்ள
வெற்றிடத்தைக் குறிக்கிறது.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
இன்னொரு தரம் படித்தேன்.

இல்லாத ஏழாவது படி
என் புருஷன் ஃப்ளோரிவாலின் இடுப்பைக் குறிக்கிறது.
அத்தி பறிக்க ஏறினார். மளுக்கென்றது.
அதன்பின் சாகும்வரை வலது காலை இழுத்து இழுத்து...
தெருமுனையிலேயே சத்தம் கேட்கும்,
சூப்பை அடுப்பில் ஏற்றுவேன்.

ஓடிவந்து தூக்கியவர்களில் அன்செல்மோ இல்லை.
மொட்டைமாடியில் நின்றிருந்தான், கையைக்கூட அசைக்காமல்.
இரண்டு வருடம் நான் அவனோடு பேசவில்லை.

கடைசி அறைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.
கழிப்பறை அந்தப் பக்கம் என்று போனேன்.
கதவளவு படம்.
வேரில்லாத அத்திமரம்,
அதிலிருந்து ஒரு மனிதன், அந்தரத்தில்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இலை.
யாராகவும் இருக்கலாம்.
ஆனால் இடது முழங்காலில் பச்சை ஒட்டு.
திரைச்சீலை கிழிசல் அது. வீட்டில் வேறு துணி இல்லை என்று
நான் தைத்தது.
அவரே திட்டினார், கோமாளி மாதிரி இருக்கிறது என்று.

தரை வரும் இடத்தில்
அன்செல்மோ ஒன்றுமே வரையவில்லை.
வெறும் கேன்வாஸ்.
ஐம்பது வருடமாய் விழுந்துகொண்டிருக்கிறார்,
இன்னும் வந்து சேரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ.
ஒரு பிரெஞ்சுத் தம்பதி
போட்டோவில் நான் விழுகிறேன் என்று
கையசைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.
காவலுக்கிருந்த பையன் தன் நாற்காலியை
என் பக்கம் நகர்த்தினான்.
முதுகு வலி என்று நினைத்திருப்பான்.
உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினாள் அந்தப் பெண்.
எழுத எவ்வளவோ இருந்தது.
ஏணி நன்றாக இருக்கிறது என்று எழுதி,
கீழே பெயர்: சுல்மிரா.

உடைந்த அந்தப் படி என்னிடம்தான் இருக்கிறது.
கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டு.
சொன்னால் கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள்,
கண்ணாடிப் பெட்டியோடு.
அப்புறம் ராத்திரி நரி வந்தால்
கதவை யார் பிடித்துக்கொள்வது?