இரும்பில்லாத நீர்

வெஸ்லி போகும்போது விட்டுப்போனது
ஒரு போத்தலும் ஒரு சோடிச் சப்பாத்தும்.
சப்பாத்து ஒருவருக்கும் அளவில்லை.
போத்தலை, அம்பகாமத்துக் காட்டோரம்,
வேலை முடிந்த வெள்ளிக்கிழமை
தகரக் கொட்டிலுக்குள் வைத்துத் திறந்தோம்.
நிரூபன், இம்மானுவேல், யோகமலர், நான்.
வில்வன் சாரதி, மணந்துமட்டும் பார்த்தான்.

கென்டக்கி என்று அவனுடைய ஊர்.
சோளம் கொட்டி விளைந்ததாம், பாதைதான் இல்லை.
மூட்டையாய்ச் சுமந்தால் கழுதை சாகும்,
வடித்துச் சுமந்தால் கழுதையும் பிழைக்கும்
கடன்காரனும் சிரிப்பான்.
நிரூபன் மன்னார் ஆள்:
அவன் மொழிபெயர்ப்பில் எல்லாக் கதையிலும்
ஒரு கழுதை வரும்.

பிறகு வரி வந்தது, துவக்கு வந்தது,
குடியே கூடாதென்ற சட்டம் வந்து பதின்மூன்று வருசம் இருந்தது.
பேர் எப்படி வந்ததென்று கேட்டால்
ஒரு ராசகுடும்பம் என்பான், ஒரு தெரு என்பான்,
சத்தியம் பண்ணமாட்டான்.

பீப்பா புது ஓக் பலகை.
உள்ளுக்குள் நெருப்பு வைப்பார்கள்
பலகை முதலைத்தோலாய் வெடிக்குமட்டும்.
அந்தக் கரிக்குள்தான் ஊற்றுவது.
"எரிச்சால் இனிக்குமோ?"
யோகமலர் கேட்டாள்.
அவள் வீடு இரண்டுதரம் எரிந்தது.
அந்தக் கேள்வியை
நிரூபன் மொழிபெயர்க்கவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போதுமட்டும்
வெஸ்லி குரலைத் தாழ்த்துவான், கோயிலுக்குள் நிற்பதுபோல.
சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருமாம்,
கல்லே இரும்பை எடுத்துவிடுமாம்.
ஒரு துளி இரும்பு இருந்தாலும் கறுத்துப்போகும், கெட்டுப்போகும்.
நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
எங்கள் கிரவல் மண்ணே இரும்பு.
கருவி எந்நேரமும் முனகும்,
எது மண்ணின் இரும்பு, எது மனிசன் புதைத்த இரும்பு என்று
முழங்காலில் இருந்து பிரித்தெடுக்கத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

பிளாஸ்டிக் கோப்பையில் இரண்டு விரல் உயரம்.
அவசரப்படக் கூடாதென்று எங்களுக்குத் தெரியும்.
முதலில் கண். தேத்தண்ணியின் சாயம், கொஞ்சம் சிவப்பு.
பிறகு மூக்கு, தூரத்தில் இருந்து, சரிவாக,
கத்தியை மண்ணுக்குள் விடுகிற அதே சரிவு.
நத்தார் கேக்கின் வனிலா என்றான் இம்மானுவேல்.
கண்டி வீதியோரம் சுடுகிற சோளப்பொத்தி என்றேன்.
பிறகு நாக்கு:
பனங்கட்டி, அடிப்பிடித்த பால்,
தொண்டையில் இறங்கும்போது மிளகு,
இறங்கிய பிறகு, எதிர்பாராமல், ஈரப் பலகை.
கசிப்பைவிட மேல், கள்ளைவிடத் தனிமை
என்று யோகமலர் தீர்ப்புச் சொன்னாள்.
இதுதான் அவள் வாழ்க்கையில் முதல் மிடறு.
கள்ளைப் பற்றி எப்படித் தெரியுமென்று
ஒருவரும் கேட்கவில்லை.

போத்தலில் ஒன்பது வருசம் என்று எழுதியிருந்தது.
இம்மானுவேல் விரலில் கழித்துக்கொண்டு போனான்,
ஒன்பதாவது விரலில் நின்றுவிட்டான்.
அந்த வருசம் எங்கோ ஒருவன்
சீட்டியடித்தபடி பீப்பாவை உருட்டிவிட்டு
மத்தியானம் சாப்பிடப் போயிருப்பான்.
நாங்கள் அந்த மாதங்களில்
மேற்கிலிருந்து கிழக்கே நடந்தோம்.
கடல் வந்தது, அதற்கப்பால் நடக்க இடமில்லை.

வருசாவருசம் பீப்பாவில் கொஞ்சம் குறையுமாம்.
தேவதைகளின் பங்கு என்பார்களாம்.
குறைந்தது எவ்வளவென்று அளந்து
கொப்பியில் எழுதிவைப்பார்களாம்.
"ஆவியாப் போனதுக்குமோ?" என்றேன்.
ஆவியாகப் போனதற்கும்.
நல்ல ஊர், என்றாள் யோகமலர்,
கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு
மிச்சப் போத்தலின் மேல் கருவியைப் பிடித்தான் வில்வன், பகிடிக்கு.
சத்தமில்லை.
கையை இறக்கினான், கொட்டிலின் நிலத்துக்கு,
எங்கள் கால்களுக்கு நடுவே.
முனகத் தொடங்கியது.

திங்கட்கிழமை எனக்கு
இருபத்தேழாம் பாதை.