அரைப்பேர்

கரடி என்று பேர் வைத்தது சடையைப் பார்த்து.
இப்போது வால் வெறும் எலிவால்.
விலாவில் இரண்டு கையகலத்துக்குக் கறுத்த தோல்.
சித்திரை வெயிலிலும்
அடுப்புச் சாம்பலை விட்டு எழும்புவதில்லை.

"தின்னு கொழுத்திருச்சு" என்றார் வாச்சர் பிச்சமுத்து.
அது தின்பது என் தட்டின் மிச்சம்.
என் தட்டில் என்ன மிஞ்சும் என்று
அவருக்கா தெரியாது.

தீபாவளி முற்பணத்தில் ஒளித்து வைத்ததை எடுத்து
ரெஜினோல்டின் ஆட்டோவில் அட்டனுக்குப் போனோம்
நானும் கரடியும், ஒரே கம்பளிக்குள்.

டொக்டர் நோனா அதை மேசையில் ஏற்றிவிட்டு
தெரிந்த தமிழில் கேட்டார்:
எப்பவும் குளிரா?
முடி கொட்டுதா?
சாப்பாடு கொஞ்சம், உடம்பு மட்டும் ஊதுதா?
கூப்பிட்டா மெதுவாத்தான் திரும்புதா?

கேள்விகள் நாய்க்கு.
ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல
சீப்பில் சுருண்டு கிடக்கும் என் முடி,
மேட்டு மலை நிரையில் எப்போதும் கடைசியாய் நான்,
பதினாலு கிலோவோடு தராசடிக்கு வந்தால்
பேனை எடுக்குமுன்பே
"அரைப்பேர்" என்கிற கணக்கப்பிள்ளை.

பிறகு குழாயை என் காதில் மாட்டிவிட்டார்.

தொம்.
தொம்.

ஒன்றுமில்லை.
கடைசி பஸ் வருமா என்று
பனிக்குள் நிற்கிற மாதிரி நின்றேன்.

தொம்.

"கழுத்துச் சுரப்பிதான் போல.
அதுதான் நெஞ்சு இடைக்கிடை அடிக்க மறக்குது.
சோம்பேறி இல்ல இது."
அதை நாயைத் தடவிக்கொண்டுதான் சொன்னார்.
நான் ஏன் அழுதேன் என்று
ரெஜினோல்டுக்கு விளங்கவில்லை.

ரத்தம் பேராதனைக்குப் போயிருக்கிறது. பத்து நாளாகும்.
அதுதான் என்றால் மாத்திரை,
காலையும் இரவும், வெறும் வயிற்றில், சாகும்வரை.
வெறும் வயிறு எங்கள் இருவருக்கும்
பழகின சங்கதி.

இரவு லயத்துத் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
ஒரு கை அதன் விலாவில்.
மறு கை என் கழுத்தில்,
விழுங்கும்போது ஏறி இறங்கும் உருண்டையின் மேல்.
எண்ணுகிறேன்.
இதன் நெஞ்சும் அரைப்பேருக்குத்தான் வேலை செய்கிறது,
ஆனால் ஒருநாளும்
பெரட்டுக்கு வராமல் நின்றதில்லை.

திங்கட்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.
போனால் ஒரு முழுப்பேர் போகும்.

தொம்.


தொம்.

போகட்டும்.