ஏரி வாங்கிக்கொண்ட கோட்டு

பழைய வீடியோ நாடாக்களை அடுப்பில் வைத்து வாட்டுகிறேன்.
ஐம்பத்து நான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
ரொட்டிக்கு ஆகாத சூடு.
ஈரம் குடித்துப் பிசுபிசுத்த செய்திகள்
அதற்குப் பிறகு ஓரிரு வாரம் வாய் திறக்கும்.
மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் சேனலின் அடித்தளம் இது. தலைக்கு மேலே
வானிலை சொல்கிற பையன் நடக்கிற சத்தம்.
இங்கே காடி நெடி, பிலிம் சுருள்கள் மெல்லச் சாகிற நெடி.
பெட்டிகளின் முதுகில் யாரோ அவசரமாக எழுதியவை:
'மேயர், கோபம்.'
'தீ, இறைச்சிக்கடை. பசு பிழைத்தது.'
'பனி, பல்வேறு.'
பனி, பல்வேறு மட்டும் நாற்பத்தொரு பெட்டி.

நாடா விலை அதிகம் என்று
வெள்ளத்தின் மேல் ஐஸ் ஹாக்கியைப் பதிந்தார்கள்,
ஹாக்கியின் மேல் தேர்தலை.
எண்ணிக்கை முடிந்து திரை கறுக்கும் இடத்தில்
திடீரென்று மூன்று நொடி வெள்ளம் வரும்.
ஒரு நாய்க்கூண்டு மிதந்து போகும்.
அவ்வளவுதான்.

மார்லீன் நிஸ்கலா தொலைபேசியில் கேட்டாள்:
எண்பத்தொன்று, பிப்ரவரி. சுப்பீரியர் ஏரியில்
பனிப்பாளம் பிளந்து, மீன்பிடிக்கப் போன பதினொரு பேரைக்
காற்று இழுத்துக்கொண்டு போன நாள்.
"அதுல ஒருத்தர் எங்க அப்பா."
சனிக்கிழமை அடக்கம். தேவாலயத்தில் திரை கட்டுகிறார்கள்.

அப்பா சொன்ன கதை அவளுக்கு மனப்பாடம்:
ஹெலிகாப்டர், கயிறு, மரத்துப்போன கால்.
கட்டம் போட்ட சிவப்புக் கோட்டைக் கழற்றிச்
சைகைக்கு வீசியபோது ஏரி அதை வாங்கிக்கொண்டது.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
அந்தக் கோட்டின் விலை கொஞ்சம் ஏறியதாம்.

தேடினேன். இருந்தது.
நான்கு நிமிடம், ஒளிபரப்பாத மிச்சம்.
ஹெலிகாப்டர் மூன்று நடையில் கொண்டுவந்து இறக்குகிறது.
எண்ணினேன். பதினொரு பேர்.
ஒருவன் மீன்வாளியை விடவே இல்லை.
இன்னொருவனிடம் செய்தியாளர் "பயந்தீர்களா?" என்கிறார்,
அவன் மூக்கைச் சிந்துகிறான்.
மார்லீன் அனுப்பிய புகைப்படத்தைத்
திரைக்கருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.
பதினொன்றில் ஆர்வோ நிஸ்கலா இல்லை.

பிறகு காமிரா, வேறு வேலை இல்லாமல்,
கரைப்பக்கம் திரும்புகிறது.

வேடிக்கை பார்க்கிற கும்பலில் மூன்றாவது ஆள்.
கையில் பாதி தின்ற சாண்ட்விச்.
உடம்பில் கட்டம் போட்ட சிவப்புக் கோட்டு,
ஈரம் படாமல், விறைப்பாக,
கழுத்துப் பொத்தான் வரை போட்டு.

'நாடா கெட்டுவிட்டது' என்று சொல்ல
என் தொழிலில் நூறு காரணம் உண்டு,
எல்லாமே நம்பும்படியானவை.
கடைசி ஆள் இறங்கியதும் வெட்டிவிட்டும் அனுப்பலாம்,
யார் கேட்கப்போகிறார்கள்.
கத்தரிக்கும் இடத்தில் விரலைக்கூட வைத்தேன்.
ஆனால் முன்பு அழித்தவர்கள் விட்ட மிச்சத்தில்
சம்பளம் வாங்குகிறவன் நான்.
முழுதாக அனுப்பினேன், ஒரு வரிகூட எழுதாமல்.

புதன். வியாழன்.
வெள்ளி இரவு அழைத்தாள். முதலில் மூச்சு மட்டும்.
"பக்கத்துல பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறது
எங்க அம்மா.
அந்தக் கோட்டு போச்சேன்னு
ஒவ்வொரு வருஷமும் சாப்பாட்டு மேஜையில
கண்ணைத் துடைச்சவங்க."
அப்புறம் இருமல் மாதிரி ஏதோ.
சிரிப்பு என்று புரிய எனக்கு நேரமானது.
"சாண்ட்விச்சுல என்ன இருக்குன்னு தெரியுதா?
பெரிசாக்க முடியுமா?"

பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாக உடைந்தது, ரொட்டியா கையுறையா
என்று சொல்ல முடியவில்லை.
"ஹெர்ரிங் மீன் போலிருக்கிறது" என்றேன்.
"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

திரையில் எதைப் போட்டார்களோ, நான் கேட்கவில்லை.
அடுப்பில் அடுத்தது வாடிக்கொண்டிருக்கிறது.
பனி, பல்வேறு.
பதினேழாவது பெட்டி.